ஏழாவது விளக்கு

ஆம்பூர் ஷூ கம்பெனியின் பொது மேலாளர் நந்தகோபாலுக்கு எதையும் சும்மா திறந்து பழக்கமில்லை. கேண்டீன் கழிவறைக்குப் புதுக் கதவு மாட்டியபோதே ரிப்பன் வெட்டியவர். அப்படிப்பட்டவர் கையில் ஒரு மென்பொருள் சிக்கினால் விடுவாரா?

மென்பொருள் அவருடையதல்ல என்பது மட்டும் ஒரு சின்னக் குறை. ஒரு தோல், பதனிடும் டேனரியிலிருந்து கிளம்பி, ஷூவாகிப் பெட்டிக்குள் போகும்வரை எந்த மேசையில் கிடக்கிறது என்று காட்டும் மென்பொருள் அது. சிஸ்டம்ஸ் பிரிவு ஆஃப்ரீன் பதினான்கு மாதம் தனியாக உட்கார்ந்து எழுதினாள். நடுவில் நந்தகோபால் இரண்டு தடவை வந்து "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது, "உருவாக்கம்: திரு. நந்தகோபால்" என்று தங்க எழுத்தில் இருந்தது. ஆஃப்ரீன் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழிதான் போட்டிருந்தது.

"சார், எம் பேரு எங்கயும் இல்லையே?"

"இன்னாமா நீ, சின்னப் புள்ளையாட்டம் கேக்கற? இது டீம் ஒர்க்மா."

"டீம்ல யாரு யாரு சார்?"

"இப்போதைக்கு நானு," என்றார் நந்தகோபால், கூச்சமே இல்லாமல்.

அந்த நிமிடத்தில் ஆஃப்ரீன் முடிவு செய்தாள். இவர் வாயாலேயே, மைக்கிலேயே, சபை முன்னால் தன் பெயரைச் சொல்ல வைக்க வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

வழியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏழு வி.ஐ.பி. ஒரே கீபோர்டு. ஆளுக்கு ஒரு எழுத்து. அழுத்திப் புடிச்சா, திரையில அவங்க பேருக்குப் பக்கத்துல விளக்கு எரியணும். ஏழு விளக்கும் ஒண்ணா எரிஞ்சா சாஃப்ட்வேர் தொறக்கணும். ஒத்துமை! எப்டி?"

சாதாரண யூஎஸ்பி கீபோர்டு ஒரே நேரத்தில் ஆறு எழுத்துக்கு மேல் கம்ப்யூட்டரிடம் சொல்லாது. ஏழாவது விரல் எவ்வளவு பெரிய மனிதருடையதாக இருந்தாலும் சரி, அது அழுத்தியதாகவே சேராது. எத்தனை விரல் வைத்தாலும் தாங்குகிற கீபோர்டு ஒன்று டிசைன் பிரிவில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஆஃப்ரீன் வாயைத் திறந்தாள்.

"சூப்பர் சார். நீங்க எப்ப அழுத்துவீங்க?"

"கடைசியா. எல்லாரும் அழுத்தினப்புறம்..." நந்தகோபால் ஆள்காட்டி விரலை உயரத்திலிருந்து மெல்ல இறக்கிக் காட்டினார். விமானம் தரையிறங்குவது போல இருந்தது.

தோல் கம்பெனியில் சேர்மன் பிளாஸ்டிக்கில் கைவைப்பதா என்று, கீபோர்டுக்குச் சிவப்பு நாப்பா தோலில் உறை தைக்கச் சொன்னார். வேலை சாம்பிள் ரூம் அஹமது பாஷாவிடம் வந்தது.

"இன்னாமா, குப்பையிலேருந்து எடுத்தியா இதை? நல்லது கெடைக்கலையா?"

"இதான் வேணும் பாய். ஆறு விரலுக்கு மேல தாங்காது."

"ஏழு ஓட்டை போடச் சொன்னாரே?"

"போடுங்க. ஏழாவது அவரோடது."

பாஷா கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தடவை பார்த்தார். ஏழாவது ஓட்டையைச் சுற்றி மட்டும் தங்க நூலில் தையல் போட்டுக் கொடுத்தார்.

எந்த ஆறு எழுத்துகள் ஒன்றையொன்று மறைக்காமல் சேர்ந்து வேலை செய்யும் என்று ஆஃப்ரீன் இரண்டு மதிய இடைவேளை சோதித்து எடுத்தாள். நந்தகோபாலும் ஒத்திகை பார்த்தார். ஒரே விரலால், ஒவ்வொன்றாக. ஏழு விளக்கும் முறைவைத்து எரிந்து அணைந்தன. திருப்தியாகப் போனார்.

விழா அன்று மண்டபத்தில் முந்நூறு பேர். "ஒவ்வொரு வரியும் இந்தக் கையால எழுதினது," என்று மைக்கில் சொல்லி நந்தகோபால் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஏழு பெரிய மனிதர்களும் ஒரு கீபோர்டைச் சூழ்ந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு குனிந்தார்கள். சேர்மன் அப்துல் வஹீத் அழுத்தினார். அவர் தங்கை ரஃபத் ஜஹான், பேங்க் மேனேஜர், கல்லூரி முதல்வர், இன்னும் இருவர். ஆறு விளக்கு.

நந்தகோபாலின் விமானம் இறங்கியது. விளக்கு எரியவில்லை.

ஏறி, மறுபடி இறங்கியது. கட்டை விரலால் அமுக்கினார். ஒன்றுமில்லை.

ரஃபத் ஜஹான் துப்பட்டாவைச் சரிசெய்ய விரலை எடுத்தார். சட்டென்று நந்தகோபாலின் விளக்கு எரிந்தது, ரஃபத் ஜஹானுடையது அணைந்தது.

"அரே, என் பேரு ஏன் ஆஃப் ஆச்சு?"

திரும்ப அழுத்தினார். வரவில்லை. "நந்தகோபால், நீங்க கையை எடுங்க." எடுத்தார். ரஃபத் ஜஹானின் விளக்கு வந்தது, இவர் விளக்கு போனது.

"மேனேஜர் சார், ஒரு நிமிஷம் நீங்க எடுத்தா..." என்று நந்தகோபால் கெஞ்சினார்.

"நான் ஏன் எடுக்கணும்? போட்டோ எடுக்கறாங்க இல்ல?"

நந்தகோபால் கல்லூரி முதல்வரைப் பார்த்தார். முதல்வர் இன்னொரு கையையும் மேலே வைத்துக்கொண்டார்.

அப்துல் வஹீத் விரலை எடுக்காமலே தலையைத் திருப்பினார். "நீங்க எழுதினதுதானே? இன்னா கோளாறுன்னு சொல்லுங்க."

"வோல்டேஜ் கம்மி சார்."

தலைக்கு மேல் எட்டு மின்விசிறிகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இல்ல, வைரஸ் மாதிரி..."

"யாரு எழுதினது இதை? மைக்கில சொல்லுங்க."

நந்தகோபால் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார். மைக்குக்கு எட்டாத குரலில் ஏதோ சொன்னார்.

"சார், கடைசி வரிசைக்குக் கேக்கல," என்றாள் ஆஃப்ரீன், கடைசி வரிசையிலிருந்து.

"ஆஃப்ரீன்... ஆஃப்ரீன் எழுதினது."

"முழுசாவா சார்?"

"முழுசா."

அவள் மேடைக்கு வந்தாள். "சேர்மன் சார், கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல கீபோர்டைக் கேக்கும், யாரு அழுத்தறாங்கன்னு. இது ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு குடுக்கும். எழுத்துக்கு அதுல ஆறே எடம். ஆனா ஷிஃப்ட், கன்ட்ரோல் மாதிரி கீக்கெல்லாம் தனி எடம். ஏழாவது பேருக்கு ஷிஃப்ட்டைக் குடுத்தா ஏழும் எரியும்."

நந்தகோபால் முகத்தில் உயிர் வந்தது. ஷிஃப்ட்டைத் தேடி விரல் தோல் உறைக்கு அடியில் நுழையக் கிளம்பியது.

"நீங்க இருங்க," என்றார் அப்துல் வஹீத். "ஆஃப்ரீன் பேட்டா, அந்த ஏழாவது எடத்துல உம் பேரைப் போடு."

ஆஃப்ரீன் மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். அதில் செய்வதெல்லாம் பெரிய திரையில் தெரிந்தது. பெயர் முழுவதையும் ஒரே தட்டில் அழித்துவிடலாம், அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கடைசியிலிருந்து ஒவ்வொரு தட்டாகத் தட்டினாள். முந்நூறு பேர் பார்க்க, நந்தகோபால் நந்தகோபா ஆனார். நந்தகோ ஆனார். நந்த ஆனார். ஆறு பெரிய மனிதர்களும் விரலை எடுக்காமல் குனிந்தபடி காத்திருந்தார்கள்.

'ந' மட்டும் மிச்சமிருந்தபோது அவள் நிறுத்தினாள். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாக இரண்டு மடக்குக் குடித்தாள். மூடியைத் திருகி வைத்தாள்.

பிறகு அதையும் எடுத்தாள்.