பத்து விரல் வீடு

கொத்தனாரின் மனைவிக்கு வலது கட்டைவிரல் நகம் பிளந்த அதே நிமிடத்தில் அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரும் பிளந்தது. நகத்தில் விரிசல் நுனியிலிருந்து பாதி வரை இறங்கியிருந்தது. சுவரில் கூரையிலிருந்து இடுப்பு உயரம் வரை. அவள் அப்போது வேலையில் இருந்தாள், அவர் வீட்டில் இருந்தார். சாயங்காலம் இருவரும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால், நிமிடம் பிசகவில்லை. யாரும் பெரிதாக அதிர்ந்து போகவில்லை, ஏனென்றால் காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருபது வருடத்துக்கு முன்பு கொத்தனார் தன் கையாலேயே அந்த வீட்டைக் கட்டிப் பூச்சு முடித்த அன்று, புது மனைவி விளையாட்டாகச் சுவருக்கு ஒரு விரலாக ஈரப் பூச்சில் நகம் பதித்து வைத்தாள். சுவரும் பத்து, விரலும் பத்து. எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது என்று அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவளுக்கு வேலை, பழைய கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவும் கொட்டகையில். சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஊறிய பாட்டிலை எடுத்து, லேபிளை உரித்து, அலசி, கவிழ்க்க வேண்டும். மற்ற பெண்கள் தகடு வைத்துச் சுரண்டுவார்கள். அவள் கட்டைவிரல் நகத்தை லேபிளின் ஓரத்தில் கொடுத்து ஒரே இழுப்பில் உரித்துவிடுவாள். கொட்டகையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். பதினோரு வருடமாக அவளை முந்த ஆள் இல்லை. நகம் பிளந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, அடுத்த விரலுக்கு மாறினாள். ஐந்து மாதத்தில் ஏழு நகம் பிளந்தது. வீட்டில் ஏழு சுவர்.

கொத்தனார் ஊருக்கெல்லாம் விரிசல் அடைப்பவர். தன் வீட்டு விரிசலைக் கொத்திவிட்டுச் சிமென்ட் வைத்துப் பூசினார். மறுநாளே அது பல்லை இளித்தது. மூன்று முறை தோற்ற பிறகுதான், மூலத்தைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மனைவியின் கையை மேசைமேல் வைத்து, ஏழு நகத்திலும் வெள்ளைச் சிமென்ட்டை ஊசி முனையால் நிரப்பி, தேய்த்து, ஓரம் எடுத்தார். வேலை அவ்வளவு சுத்தம். அதோடு விடாமல், காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அவள் கையைக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி வைத்தார்.

"போதும்ங்க, விரலெல்லாம் வெளுத்துப் போச்சு."

"சிமென்ட் வச்சிட்டுத் தண்ணி காட்டாம விட முடியுமா? ஏழு நாள் கட்டாயம்."

எட்டாம் நாள் சிமென்ட், நகத்தின் மேல் அடுக்கையும் கூட்டிக்கொண்டு பெயர்ந்து விழுந்தது. சமையலறைப் பூச்சு அப்பளம்போல் ஏடு ஏடாக உரிந்தது. அம்மா கையை மறைத்துக்கொண்டு திரிவதைப் பார்க்கப் பொறுக்காமல், மகள் பத்து விரலுக்கும் சிவப்பு நகச்சாயம் பூசிவிட்டாள். வீடு முழுக்கச் சிவந்து பளபளத்தது; தெருவில் போனவர்கள் நின்று, எந்தக் கம்பெனி பெயின்ட் என்று விசாரித்தார்கள். சாயத்தை அழிக்கும் மருந்தைத் தேய்த்ததும் சுவர்கள் வறண்டு, மீதி மூன்றும் பிளந்தன. காரைத் துண்டு ஒன்று எதிர்வீட்டுக்காரரின் காலை டீயில் விழுந்தது. அவர் மனு எழுதிப் போட்டார்.

கட்டட ஆய்வாளர் வந்தார். ஒவ்வொரு விரிசலின் அடி நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். முப்பது நாளில் குறையாவிட்டால் வீட்டை இடிக்க வேண்டியதுதான் என்று தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். வீடு போகும் என்பதைவிட, தான் கட்டியது இடிபடும் என்பதுதான் கொத்தனாரைக் கொன்றது. அன்று அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான், இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்த அளவுக்கு இவள் விரலைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கை தண்ணில இருக்கும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஏழு மணி நேரம். போன மாசம் இவரு வேற தனியா ஊற வச்சாரு."

நகம் தண்ணீர் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும், இப்படியே ஓயாமல் நடந்தால் அடுக்கு விட்டுப்போகும் என்று டாக்டரம்மா விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே கொத்தனார் எழுந்து நின்றுவிட்டார்.

"அட, ஓதம்!"

சுவரில் ஊறும் ஈரத்தை, ஓதத்தை, நிறுத்தாமல் பூசினால் பூச்சு நிற்காது என்று இருபது வருடமாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவந்த மனிதர் அவர். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து இரும்புச்சத்தும் குறைவு என்றபோது, கம்பி போதவில்லை என்கிறார்கள் என்று மனைவிக்கு விளக்கினார். உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை, கை துடைத்ததும் நகத்திலும் அடித்தோலிலும் எண்ணெய், நகத்தை ஒட்ட வெட்டி ஒரே பக்கமாக அரம் போடுவது, சாயத்துக்கும் அதை அழிக்கும் மருந்துக்கும் விடுமுறை. டாக்டரம்மா சொன்ன இவ்வளவுக்கும் அவள் தலையாட்டினாள். லேபிளை இனி நகத்தால் தொடக் கூடாது என்றதும் முகம் தொங்கிவிட்டது.

"உறை போட்டா எனக்குக் கையே இல்லாத மாதிரி இருக்கும். கொட்டகைக்குப் புதுசா வந்திருக்கிற பொண்ணு என்னைத் தாண்டிப் போயிடுவா."

தாண்டித்தான் போனாள். உறை மாட்டித் தகடு பிடித்த முதல் நாளே மின்னல் நாலாவது இடத்துக்கு இறங்கினாள். மூன்று நாள் வீட்டில் பாத்திரங்களை ணங்கென்று வைத்தாள். ஆனால் உறையைக் கழற்றவில்லை.

அவள் எண்ணெய் தடவத் தடவச் சுவர்கள் மினுமினுத்தன. பல்லிகள் வழுக்கி விழுந்தன. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் சுவரில் அடித்த ஆணி வளைந்தது. முப்பதாம் நாள் ஆய்வாளர் டேப்புடன் வந்து குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். எந்த விரிசலும் ஒட்டவில்லை. ஆனால் பத்தும் பென்சில் கோட்டைவிட்டு ஒரு சாண் மேலே போயிருந்தன. கீழே புதுச் சுவர், கீறல் இல்லாமல்.

"கூடியிருக்கா, குறைஞ்சிருக்கான்னுதான் இந்தப் படிவத்துல கேக்குறாங்க. மேல ஏறியிருக்கான்னு கேக்கல."

"சார், நகம் அடியிலிருந்துதான் வளரும். முழுசா மாற ஆறு மாசம் ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்க," என்றாள் மனைவி.

ஆய்வாளர் சட்டத்தை மதிக்கிறவர், அளவை அதைவிட மதிக்கிறவர். அவள் பத்து விரலையும் அளந்தார், பத்துச் சுவரையும் அளந்தார். விகிதம் ஒத்துப்போனது. இன்னும் முப்பது நாள் கொடுத்தார். அப்படி ஐந்து முறை கொடுத்தார்; ஐந்தாவது முறை தன் மனைவியின் நகத்துக்கு என்ன எண்ணெய் நல்லது என்று கேட்டுக்கொண்டு போனார். ஆறாம் மாதம், கட்டைவிரலின் கடைசிப் பிளவை அவள் நகவெட்டியால் எடுத்தபோது, சமையலறைக்கு மேலிருந்த கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து ஒரு காரைச் சில்லு தோட்டத்தில் விழுந்தது. ஆய்வாளர் படிவத்தில் கட்டம் இல்லாத இடத்தில், விரிசல்கள் வீட்டைவிட்டு வெளியேறின என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொத்தனார் கதவில் இருந்த தாளைக் கிழித்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, விடச் சொல்லும்வரை விடவே இல்லை.

வேலையில் தேய்ந்துகொண்டே இருந்த நகங்கள் இப்போது ஒழுங்காக வளர ஆரம்பித்ததால் வீடும் வளர்ந்தது. மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளையும் இங்கேயே தங்குவது என்று முடிவானபோது, அம்மா இரண்டு மாதம் நகம் வெட்டாமல் இருந்தாள். கொத்தனார் உயர்ந்த இடத்தில் குறுக்கே பலகை அடித்து மேலே ஓர் அறை எடுத்துவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு கூரைமேல் ஏறுகிறார். அவள் கீழே அரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சமையலறை மூலை கொஞ்சம் தூக்குது! கட்டைவிரல்ல ரெண்டு இழுப்பு போடு!"

"ஒரே பக்கமாதானே?"

"ஒரே பக்கமாதான்!"

அவள் இரண்டு இழுப்பு இழுக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் தன் டீக்குத் தட்டு போட்டு மூடிக்கொள்கிறார். ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வந்து நிற்கிறது.