பச்சைப் பொத்தானும் என் நம்பரும்

இப்போது யாரிடமாவது ஒரு வேலை சொல்லிப் பாருங்கள், தெரியாது என்பார்கள். திருட்டுத்தனம் என்றால் மட்டும் பத்து விரலும் தானாக ஓடும்.

எங்கள் ஆபீசில் பீரோ கணக்காய் ஒரு ஜெராக்ஸ் மெஷின். நகல் எடுக்கும், கலரில் அச்சடிக்கும், தாளைப் படம்பிடித்து மெயிலில் அனுப்பும், புத்தகமாக மடித்து ஸ்டேப்ளர் பின்னும் அடிக்கும். வாங்கிய புதிதில் ஒருவர் வந்து அரைநாள் சொல்லிக்கொடுத்தார். ஸ்டோர் கீப்பர் கொட்டாவி விட்டார். டைப்பிஸ்ட் அம்மா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் வரவே இல்லை. இதெல்லாம் நமக்கு ஏறாது, பெருசு பார்த்துக்கொள்ளும் என்று என் தலையில் கட்டினார்கள். பெருசு நான்தான், பியூன். டீத் தட்டோடு நின்று காதில் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

எனக்கு நகல் எடுக்கும் பச்சைப் பொத்தான் போதும். ஆளுக்கொரு நம்பர் அழுத்தினால்தான் மெஷின் வேலை செய்யும். மறந்துவிடுமே என்று என் நம்பரைச் சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டினேன். என் புத்தி அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். என் நம்பரில் கலர் தாள் அறுநூறு, மெயில் எழுபது, புத்தகம் நாற்பது. சொந்த வேலைக்கு மெஷினைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஆபீஸ் சட்டம். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

"பெரியவரே, இது உங்களுக்குத் தேவையா?" என்றார். பின்னால் ஸ்டோர் கீப்பரும் டைப்பிஸ்ட் அம்மாவும் ஐயோ பாவம் முகத்தோடு நின்றார்கள்.

"ஐயா, எது எங்க போச்சுன்னு மெஷினே ஞாபகம் வெச்சிருக்கும்னு அன்னிக்கு வந்தவர் சொன்னாரு. தட்டிப் பாத்துடலாமே."

மேனேஜரே தட்டினார். முதலில் வந்தது ஸ்டோர் கீப்பர் கட்டும் வீட்டின் வரைபடம், கலரில். அடுத்து டைப்பிஸ்ட் அம்மா மகளின் பாடக்குறிப்பு, புத்தகமாக. ஏறாது என்றவர்களுக்குத் தெரியாத பொத்தான் ஒன்றுகூட இல்லை. அடுத்தவன் பேரில் போகும் என்றதும் அத்தனையும் ஏறிவிட்டது. மூன்றாவது ஒரு மெயில், வேறு கம்பெனியில் வேலை கேட்டு. கீழே மேனேஜர் கையெழுத்து.

சட்டென்று திரையை அணைத்தார்.

"ஏதோ மெஷின் கோளாறு. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. புது நம்பர் தரேன், யார்கிட்டயும் காட்டாதீங்க."

நல்லவேளை என்று டைப்பிஸ்ட் அம்மா என் தோளைத் தொட்டார். எச்சில் பட்டதுபோல் இருந்தது. மேனேஜர் எழுதித் தந்த சீட்டை அவர் மேசையிலேயே வைத்தேன்.

"நீங்களே வெச்சுக்குங்க ஐயா. எப்படியும் உங்களுக்குத்தான் வேணும்."

தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். கோளாறாம், மெஷினுக்கு.