மூன்று நட்சத்திரத் தையல்காரர்

தேர்வில் கேட்க வாய்ப்பில்லாத எதுவும் தையல்காரரின் மகள் கண்ணுக்குத் தெரியாமல் போனது அவளுடைய இருபத்து மூன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு. முதலில் வாசல் கால்மிதி மறைந்தது. பிறகு மாடிப்படியின் கைப்பிடி, எதிர்வீட்டுக்காரர், அவர் வளர்த்த நாய், கொடியில் காய்ந்த துணிகள் என்று வரிசையாகப் போய், ஒன்பது மணிக்குள் அப்பாவும் போய்விட்டார். கையில் குறிப்பேட்டுடன் வந்தவள் அவர்மேல் நேராக மோதி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இங்க எப்பம்மா தூண் வச்சீங்க?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள். மகள் விளையாடுகிறாள் என்று நினைத்துத் தையல்காரர் சிரித்தார். அவளோ அவரைத் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டு, செருப்பு தெரியாததால் வெறுங்காலோடு பயிற்சி மையத்துக்குக் கிளம்பிப் போனாள்.

காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. அரசுப் பணித் தேர்வை அவள் இரண்டு தடவை எழுதி, முதல் தடவை ஒன்றேகால் மதிப்பெண்ணிலும் அடுத்த தடவை அரை மதிப்பெண்ணிலும் கோட்டைவிட்டிருந்தாள். கணக்கில் புலி, இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது பொது அறிவுதான். செய்தி ஆரம்பித்ததும் தொலைக்காட்சியை மாற்றுகிற வீடு அது. பக்கத்து நாட்டுப் பிரதமர் யார் என்ற கேள்விக்கு அவள் ஒரு பந்தாட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, அவரை ஒரு நிமிடம் நாடாள வைத்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவைக்காக, டயர் கடைக்கு மாடியில் நடப்பு நிகழ்வுகள் சொல்லித்தரும் வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தாள். அவர் மாதாமாதம் அறுபத்து நான்கு பக்கத்தில் ஓர் இதழ் போடுவார். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும். மூன்று என்றால் கட்டாயம் கேட்பார்கள், இரண்டு என்றால் கேட்கலாம், ஒன்று என்றால் கேட்டாலும் கேட்பார்கள். நட்சத்திரமே இல்லாத வரிகளை மாணவர்கள் தடித்த பேனாவால் கறுப்படித்துவிட வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். வேண்டாததைப் பார்த்துக் கண்ணை வீணாக்கக் கூடாது என்பார் அவர். நாற்பத்திரண்டு பேரும் ஏழு மாதம் விடாமல் கறுப்படித்தார்கள். எட்டாவது மாதத்தில் பேனா தேவைப்படவில்லை, கண்களே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

கண் மருத்துவர் அவளை உட்காரவைத்துப் பலகையின் கடைசி வரிவரை படிக்கச் சொன்னார். படித்தாள். பிம்பம் விழித்திரையில் எப்படி விழும் என்று கேட்டார். தலைகீழாக என்றாள். குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனவே குடும்பம் இருக்கிற நிலைமைக்குத் தகுந்தபடி பழகிக்கொண்டது. உப்பின் வேதியியல் பெயர் எப்போதும் கேட்கப்படுவதால் உப்பு அவளுக்குத் தெரிந்தது, குழம்பு தெரியவில்லை. வெங்காய விலை தலைப்புச் செய்தியான மாதம் முழுக்க வெங்காயம் பளிச்சென்று இருந்தது. விலை இறங்கியதும் மறுபடி மறைந்துவிட்டது. அம்மா அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். அஞ்சல் குறியீடு இரண்டு நட்சத்திரச் சங்கதி என்பதால் அவள் கொஞ்சம் மங்கலாகவாவது தெரிந்தாள், சீருடையில் இருக்கும்போது மட்டும். அப்பாவிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய கத்தரிக்கோல் முதல் வகை நெம்புகோல் என்பதால் அது தெரிந்தது, தையல் எந்திரம் கண்டுபிடிப்புகள் பட்டியலில் இருந்ததால் அதுவும் தெரிந்தது. ஆக, கூடத்தின் மூலையில் ஒரு கத்தரிக்கோல் தானாகத் துணி வெட்டுவதையும் ஓர் எந்திரம் தானாகத் தைப்பதையும் பார்த்துக்கொண்டு அவள் தலைநகரங்களை மனப்பாடம் செய்தாள். உயிரியல் பாடம் நடந்த வாரத்தில் மட்டும் அவருடைய எலும்புகள் இருநூற்றாறும் தெரிந்தன. "அப்பா, முதுகெலும்பு வளையுது, நிமிர்ந்து உக்காருங்க" என்றாள். தையல்காரருக்கு அந்த வாரம் சந்தோஷம் பிடிபடவில்லை. அடுத்த வாரம் பொருளாதாரம் வந்தது, எலும்புகளும் போயின.

மற்ற நாற்பத்தொரு வீடுகளிலும் இதே கதைதான் என்பதால் ஊரில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளைகள் முன்னைப்போல் இல்லை, உலகமே உள்ளங்கையில் இருக்கிறது என்று பெருமைப்பட்டவர்கள்கூட உண்டு. எங்கோ இரண்டு நாடுகள் மீன்பிடி எல்லைக்குக் கையெழுத்துப் போட்டால் மதியத்துக்குள் அது அவர்களுக்குத் தெரிந்தது. குரல் கேட்டால் பதிலும் சொன்னார்கள். கூப்பிட்டபோதெல்லாம் "எங்கப்பா இருக்கீங்க?" என்று மகள் ஆரம்பத்தில் தேடிப் பார்த்தாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். ஒருநாள் தையல்காரர் வாய்விட்டே சொன்னார், என்னை நீ பார்த்து நாலு மாசம் ஆச்சும்மா என்று. "பரீட்சை முடியட்டும்ப்பா, அப்புறம் பாக்கறேன்" என்று அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். சரி, முடியட்டும் என்றுதான் அவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அந்தத் தேறுதலில் மண்ணைப் போட்டவன் மளிகைக்கடைக்காரரின் மகன். முந்தின வருடம் இதே வகுப்பில் படித்துத் தேறி, தூரத்து ஊரில் வேலைக்குப் போயிருந்தவன். விடுமுறைக்கு வந்தான். தன் வீட்டு வாசலையே மூன்று தடவை கடந்து போனான். அவனுடைய அப்பா கடைப் படியிலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் எங்கோ குடிபெயர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, விடுதியில் அறை எடுத்து இரண்டு நாள் தங்கிவிட்டு ரயிலேறிவிட்டான். ரயில் எண் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. எதிர்ச்சாரியில் நின்று தையல்காரர் இதையெல்லாம் பார்த்தார். தேர்வுக்குப் பிறகும் இது சரியாகாது, மகள் தேறினாலும் தன்னை இனிமேல் பார்க்கவே போவதில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தேர்வுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.

செய்தியில் வருவது ஒன்றுதான் வழி என்று முடிவுகட்டினார். மூன்று வாரம் வேறு வேலை தொடாமல், நாற்பது கெஜத் துணியில், உள்ளே ஆறு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு சட்டை தைத்தார். பொத்தான்கள் தட்டு அளவு இருந்தன. அதை நகராட்சிக் கட்டடத்தின் முகப்பில் தொங்கவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஆறாம் பக்கத்தில் அவருடைய படத்தைப் போட்டது. அன்று ஒரே ஒரு நாள், மகளுக்கு அவர் தெரிந்தார். கறுப்பு வெள்ளையில், மார்புவரை, கட்டைவிரல் உயரத்தில். அவள் குனிந்து பார்த்து, "அட, அப்பா!" என்று ஆசையாகத் தொடப்போனாள். மறுநாள் அந்தப் பத்திரிகையில் யாரோ செருப்பைச் சுற்றி எடுத்துப் போனார்கள், அவரும் போய்விட்டார். வாத்தியார் அந்த மாத இதழில் சட்டையைச் சேர்த்திருந்தார், ஆனால் நட்சத்திரம் போடவில்லை. உள்ளூர்ச் செய்தியைக் கேட்கவே மாட்டார்கள் என்பது அவருடைய பதினோரு வருட அனுபவம்.

அந்த வாத்தியார்தான் அடுத்த வாரம் ஒரு கால்சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார், இடுப்பு பெருத்துவிட்டது என்று. தொண்டை கட்டிக்கொண்டு பேச்சு கரகரவென்று வந்தது. கண்ணாடி முன் நின்றவர் திடீரென்று உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் தொண்டை சுத்தமாக அடைத்துக்கொண்டதால் அவர் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். நாற்பத்திரண்டு பேரும் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, சார் இன்றைக்கு வரவில்லை போல என்று பேசிக்கொண்டே, அவர் மேசையை உரசியபடி எழுந்து போனார்களாம். மாதக்கணக்கில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கால்சியம் கார்பனேட்டாலான சுண்ணாம்புக் கட்டியைத்தான், அதைப் பிடித்த கையை அல்ல. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் நாடாவை அப்படியே விட்டுவிட்டு, எனக்கு ஒரு மூன்று நட்சத்திரம் போடுங்கள் என்றார்.

"வராத கேள்விக்கு நான் இதுவரைக்கும் நட்சத்திரம் போட்டதே இல்ல மாஸ்டர். அது பிள்ளைங்களுக்குப் பண்ற துரோகம்."

"வரும் சார். நான்தான் கேக்கப் போறேனே. கேட்டா அது வந்த கேள்விதானே?"

வாத்தியார் வெகுநேரம் யோசித்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் பொய் இல்லை. அடுத்த இதழின் அறுபத்து நான்காம் பக்கத்தைக் காலி செய்து தருகிறேன், ஆளுக்கு ஒரு கேள்வி, நான்கு விடைகளோடு, இருபத்தைந்தாம் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தி பரவி, பெற்றவர்கள் டயர் கடை மாடிப்படியில் வரிசைகட்டினார்கள். மளிகைக்கடைக்காரர் கேள்வியோடு மகனுடைய முகவரியும் எழுதி வந்தார். பிள்ளைகுட்டி இல்லாத டயர் கடைக்காரரும், நாற்பத்திரண்டு பேராவது என்னைப் பார்க்கட்டுமே என்று ஒன்று கொடுத்தார்.

ஊரே கொடுத்துவிட்டது, தையல்காரருக்குத்தான் கேள்வி அமையவில்லை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். பிறந்த தேதி அவருக்கே சரியாகத் தெரியாது. எத்தனை சட்டை தைத்தார் என்று கேட்கலாம், அதை எண்ணியவர் யார். தன்னைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஒன்றுகூடவா இல்லை என்று அவர் சோர்ந்து உட்கார்ந்தபோது, மனைவி அவருடைய இடது கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, "இதைக் கேளுங்களேன்" என்றாள். அப்படித்தான் அந்தக் கேள்வி பிறந்தது. தையல்காரரின் இடது ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பு எதனால் ஏற்பட்டது? அ) கத்தரிக்கோல் ஆ) இஸ்திரிப் பெட்டி இ) கதவிடுக்கு ஈ) மேற்கண்ட எதுவுமில்லை. பக்கத்தில் மூன்று நட்சத்திரம். வழக்கமாக விடைகள் இதழின் பின்னட்டையில் இருக்கும். இந்தப் பக்கத்துக்கு மட்டும், விடைக்கு உரியவரை அணுகவும் என்று அச்சிட்டிருந்தது.

இதழ் வந்த அன்று மகள் முதல் அறுபத்து மூன்று பக்கத்தையும் விழுங்கிவிட்டு அறுபத்து நான்காவதில் சிக்கிக்கொண்டாள். மூன்று நட்சத்திரக் கேள்விக்கு விடை தெரியாமல் இருப்பது அவளுக்கு உடம்பு முழுக்க அரித்தது. மாலை நான்கு மணிக்கு எழுந்து, தானாக ஓடிக்கொண்டிருந்த தையல் எந்திரத்தின் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இங்கதாம்மா."

"விரல்ல தழும்பு... கத்தரிக்கோலா?"

"இல்ல, ஈ. உனக்கு நாலு வயசு. நான் ஊசிக்கு அடியில துணியைச் சரி பண்ணிட்டிருந்தேன், நீ கீழ உக்காந்து மிதிகட்டையை ஓங்கி ஒரு மிதி. ஊசி விரலுக்குள்ள போயிடுச்சு."

"யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா அழுவியே."

எந்திரத்தின்மேல் முதலில் ஒரு நகம் தெரிந்தது. அதன் கீழே வெள்ளையாகத் தழும்பு, பிறகு விரல், மணிக்கட்டு, மடித்துவிட்ட சட்டைக் கை, காதில் செருகிய சுண்ணாம்புத் துண்டு, கண்ணாடி என்று அவர் முழுசாக வந்து சேர ஐந்து நிமிடம் பிடித்தது. அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பப்பா முடி இவ்வளவு நரைச்சுச்சு?" என்று கேட்டாள். "அது நட்சத்திரம் இல்லாத சேதிம்மா" என்றார் அவர். சொன்ன மாதிரியே அவள் அழுதாள், அவரும் அழுதார். அம்மா இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். அன்றைக்கு அந்த டீகூட அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலை ஊரில் பல வீடுகளில் பழைய சமாசாரங்கள் வெளியே வந்தன, ஒன்றிரண்டில் சண்டையும் நடந்தது. அடுத்த ஞாயிறு மளிகைக்கடைக்காரரின் மகன் கையில் இதழோடு வந்து இறங்கி நேராகக் கடைக்குப் போனான்.

மகள் அந்த வருடம் இரண்டரை மதிப்பெண் கூடுதலாகவே வாங்கித் தேறினாள். தேர்வில் தையல்காரரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கத்தரிக்கோல் எந்த வகை நெம்புகோல் என்று கேட்டிருந்தார்கள். ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில் நீர்வளத் துறையில் வேலை கிடைத்தது. இருபத்தைந்தாம் தேதிக்குள் கேள்வி கொடுப்பது ஊரில் மின்கட்டணம் கட்டுவதுபோல் வழக்கமாகிவிட்டது, அஞ்சல் நிலையத்தில் அதற்கென்று தனிப்பெட்டி வைத்தார்கள். தையல்காரர் தாமதித்தால் அவளுடைய மேசையில் இருக்கும் படத்தில் அவருடைய முழங்கை மங்கத் தொடங்கும், உடனே தொலைபேசியில் சத்தம் போடுவாள். அவர் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

நான்காவது வருடம் அவள் விடுமுறைக்கு வந்தாள். எந்திரத்திலிருந்து நிமிர்ந்த தையல்காரர் வாசலில் ஒரு சட்டை நிற்பதைப் பார்த்தார். அவர் தைத்து அனுப்பிய நீலக் கோடு போட்ட சட்டைதான். கழுத்துப்பட்டிக்கு மேல் ஒன்றுமில்லை. தோள் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் தொளதொளவென்று இறங்கியிருந்தது. அவர் பதறவில்லை. மாதாமாதம் தான் மட்டுமே கேள்வி அனுப்பியதும், மகளைப் பற்றி ஒன்றுகூட கேட்காததும் நினைவுக்கு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா. உன்னைப் பத்தி ஒரு கேள்வி குடு" என்றார். சட்டை உட்கார்ந்தது. அவளுடைய குரல் வந்தது: புதிய ஊருக்குப் போன முதல் வருடம் தையல்காரரின் மகள் மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள்?

"உணவகத்துலயா?"

"இல்ல."

"உன் மேசையில?"

"இல்லப்பா."

"கூட வேலை பார்க்கிற பொண்ணுங்களோட?"

"மொட்டை மாடிப் படியில. தனியா. யாரையும் தெரியாதுல்ல."

கழுத்துப்பட்டிக்கு மேல் முதலில் தாடை தெரிந்தது, பிறகு வாய், பிறகு கன்னம். ஒட்டிப்போன கன்னம்தான். முழு முகமும் வந்து சேரும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காதிலிருந்த சுண்ணாம்பை எடுத்துத் தோளில் குறி போட்டு, சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி, அன்றைக்கே இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.