ஐந்தாவது கையெழுத்து

வெள்ளவத்தைச் சீலைக்கடை முதலாளி சிவபாதசுந்தரம், சாகக் கிடந்தபோதும் நொத்தாரிசு கேட்ட கூலி அநியாயம் என்றுதான் முனகிக்கொண்டிருந்தார். மரணசாதனம், அதாவது உயில், எழுத மூன்று வருடமாக இதே பேரம். நொத்தாரிசு ஒரு விலை சொல்வார், இவர் பாதிக்குக் கேட்பார், அவர் எழும்பிப் போய்விடுவார். பிந்தினால் விலை இறங்க இது தீபாவளி முடிந்த சீலையா என்று கடையை நடத்தும் நாகேந்திரம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தான். முதலாளி மசியவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு யூலைக் கடைசியில் டாக்குத்தர் வந்து, இரண்டு நாள் தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாகேந்திரம் கேட்ட கூலிக்கே சம்மதித்து நொத்தாரிசுக்கு ரெலிபோன் எடுத்தான். அன்றைக்கென்று பார்த்துக் கொழும்பில் ஊரடங்கு. இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறதாம், அதனால் கலவரமாம். நொத்தாரிசு கொட்டாஞ்சேனையில், சாகிறவர் வெள்ளவத்தையில், நடுவில் நகரம் முழுக்கத் துவக்கும் ஆமியும்.

"நொத்தாரிசு இல்லாமலும் செய்யலாம்," என்றார் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த தியாகராசா. முப்பது வருடம் சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். "ஐஞ்சு சாட்சி ஒரே நேரத்தில பக்கத்தில நிண்டு கையெழுத்து வைச்சாச் சரி. நான் எழுதித்தாறன்."

"நாட்டுப் பிரச்சினைக்கே ரெண்டு கையெழுத்துத்தான். எங்களுக்கு ஐஞ்சோ?" என்றான் நாகேந்திரம்.

"நாட்டுக்கு ஒருத்தரும் வழக்குப் போடமாட்டினம். வீட்டுக்குப் போடுவினம்."

போடுவதற்கு ஆள் இருந்தது. முதலாளிக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. எழுதாமல் கண்ணை மூடினால் எல்லாம் லண்டனில் இருக்கும் தமையன் மக்களுக்கு. எழுதினால் கடை நாகேந்திரத்துக்கு. வீடும் மிச்சமுள்ளதெல்லாமும் சமையல் செய்யும் பழனியம்மாவுக்கு.

பழனியம்மா பண்டாரவளைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தமிழரைத் தேடி ஒழுங்கைக்குள் கூட்டம் வந்தபோது, முதலாளியையும் நாகேந்திரத்தையும் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, கேற்றில் நின்று இது என் வீடு, உள்ளே ஒருவரும் இல்லை என்று நல்ல சிங்களத்தில் சண்டை பிடித்தவள். கடை எரிந்தது, பிறகு திருத்திக் கட்டினார்கள். வீடும் இரண்டு உயிரும் மிஞ்சின.

"அண்டைக்கு அவள் சொன்ன பொய்யை நான் சாக முந்தி உண்மையாக்க வேணும்," என்பார் முதலாளி.

தியாகராசா ஒன்று. பக்கத்து வீட்டுப் பௌஸியும் மனைவியும் மதிலில் ஏணி வைத்து இறங்கினார்கள், மூன்று. பின்வீட்டு ஐறீன் ரீச்சர் நாலு. மற்ற வீடெல்லாம் பூட்டு.

"பழனியம்மாவே வைச்சா என்ன?" என்றார் ரீச்சர்.

"சாட்சி வைக்கிற ஆளுக்கு எழுதின பங்கு செல்லாது. கடையெண்டா மிச்சத்தோட சேர்ந்திடும், மிச்சமே எண்டா லண்டனுக்குப் போயிடும்," என்றார் தியாகராசா.

"அப்ப சந்தியில நிக்கிற பொலிஸ்காரன்?"

"கேற்றத் தொறந்தா மொதல்ல சுடுவான். பொறகுதான் என்னாண்டு கேப்பான்," என்றார் பௌஸி.

பிறகு நாலு பேரும் நாகேந்திரத்தைப் பார்த்தார்கள்.

அவன் மனதுக்குள் தராசு ஆடியது. காலை ஏழு மணிக்கு ஊரடங்கு தளரும் என்று வானொலி சொல்லியிருந்தது. அதுவரை முதலாளி தாங்கினால் நொத்தாரிசு வருவார், கடை கிடைக்கும். தாங்காவிட்டால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இப்போதே கையெழுத்து வைத்தால் பழனியம்மாவுக்கு வீடு நிச்சயம். கடையும் அவளுக்கே போய்விடும். பாமன்கடைப் பக்கத்தில் ஒற்றை அறையில் அவனுடைய பெண்சாதியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

முதலாளியின் வாயில் கரண்டியால் மல்லித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பழனியம்மா திரும்பினாள். "தம்பி, காலையில வரைக்கும் பாப்போம். ஐயா தாங்குவாரு. எனக்காக ஒங்க பொழப்புல மண்ணப் போட்டுக்காதீங்க."

"அண்டைக்குக் கேற்றில நிக்கேக்க நீங்கள் காலைமட்டும் பாப்பம் எண்டு சொல்லேல்லையே, அக்கா," என்றான் நாகேந்திரம். "தியாகராசா அண்ணை, பேனையைத் தாங்கோ."

முதலாளி கண்ணைத் திறந்தார். "டேய், உனக்கு நான் வியாபாரம் பழக்கினது வீணாப் போச்சு."

"ஓம் முதலாளி. முதல் நீங்கள் வையுங்கோ."

அவர் முனகிக்கொண்டே வைத்தார். கட்டிலைச் சுற்றி நின்ற ஐந்து பேரும் வைத்தார்கள்.

"நாகேந்திரம், இனி இவங்க மொதலாளி, நீங்க சம்பளக்காரன்," என்று சீண்டினார் பௌஸி.

"உயிரைத் தந்தவவிட்டைச் சம்பளம் கேக்க வெக்கமில்லை, பௌஸி நானா."

விடியற்காலை ஐந்து மணிக்கு முதலாளி போய்விட்டார். ஊரடங்கு தளர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை நாகேந்திரம் நினைத்துப் பார்த்தான். இன்ன சாமிக்கென்று இல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு லண்டனிலிருந்து சொத்துக் கேட்டுக் கடிதம் வந்தது. தியாகராசா மரணசாதனத்தின் பிரதியை அனுப்பினார். பிறகு சத்தமில்லை.

ஒருநாள் பழனியம்மா கடைக்கு வந்து, வாடிக்கையாளர் இருக்கும் மர வாங்கின் ஓரத்தில் இருந்தாள்.

"கடைய ஒங்க பேருக்கே எழுதிக்கங்க தம்பி."

"ஏலாது அக்கா. தெரிஞ்சுதானே வைச்சனான்."

"அப்ப வாடகைக்கு எடுத்துக்கங்க. மாசம் நூறு ரூவா."

"காலி வீதியில நூறு ரூவாய்க்கு வெத்திலைத் தட்டு வைக்கவும் இடம் தரமாட்டாங்கள். ஆயிரம்."

"நூத்தம்பது. அதுக்கு மேல ஏற மாட்டேன்."

"எண்ணூறு. கடைசி."

அவள் எழும்பி வாசலை நோக்கி நடந்தாள். இத்தனை வருடமாக அவனை மடக்க வாடிக்கையாளர் போட்ட அதே நடை. அவன் அவர்களைக் கூப்பிட்டதுபோலவே அவளையும் கூப்பிட வேண்டியதாயிற்று.

"சரி, ஐநூறு," என்றாள் வாசலில் நின்றபடி. "ஆனா தெனமும் மத்தியானச் சோறு நான்தான் அனுப்புவேன்."

நாகேந்திரம் கணக்குக் கொப்பியைத் திறந்து ஐநூறு என்று எழுதினான். பக்கத்தில் மத்தியானச் சோறு என்றும் எழுதினான்.

சீலையை மடியில் வைத்தபடி இதெல்லாம் பார்த்திருந்த ஒரு பெண், "எங்களுக்கும் இப்பிடித்தானோ பேரம்?" என்றாள்.

"இல்லைத் தங்கச்சி," என்றான் நாகேந்திரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்கு நான் சொல்லுறதுதான் விலை."