மைக்குக்கு நாலு விரல் தூரம்

ஏலக்காரர் காய்கறி மண்டியின் இந்த வாசலில் நின்று விலை கூவினால், அந்த வாசலில் லாரிக்குள் தூங்கும் டிரைவர் எழுந்து உட்காருவார். அந்தக் குரலை நம்பித்தான் உள்ளூர் வானொலி நிலையத்தின் நாடகப் பயிற்சியில் அவர் சேர்ந்தார். சனிக்கிழமைக் காலைகளில் வகுப்பு. ஆறாவது வாரம் நாடகம் பதிவாகும். அவருக்குத் தகப்பன் வேடம். காய்ச்சலில் கிடக்கும் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். மண்டி முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஐந்தாவது சனிக்கிழமையும் அவர் வாயைத் திறந்ததும் ஒலியின் அளவைக் காட்டும் கருவியின் முள் சிவப்புக்கு ஓடியது.

"அண்ணே, ஒரு அடி பின்னால போங்க" என்றாள் டீச்சர். அவருடைய கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும்.

போனார். இன்னொரு அடி. இன்னும் ஒன்று.

"அடுத்த அடி தெருவுலதான்" என்றார் கூடப் படிக்கும் டெய்லர்.

"தள்ளி நின்னா அடுத்த ரூம்ல இருந்து பேசற மாதிரி கேக்குது. பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கீங்கண்ணே. வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல்தான் இருக்கணும். மெதுவா சொல்லுங்க."

நெருங்கி வந்து மெதுவாகச் சொன்னார். வெறும் காற்றுதான் வந்தது.

"டியூப் பஞ்சர்" என்றார் டெய்லர்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அடுத்த வாரமும் இப்படின்னா டெய்லர் அண்ணன்தான் அப்பா. தப்பா நினைக்காதீங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "மெதுவா பேசணுமாம்."

"நீங்களா? எதிர்வீட்டுக்குத் தெரியாத நம்ம விஷயம் ஒண்ணு சொல்லுங்க, பாப்போம்."

புதன்கிழமை டீச்சர் மண்டிக்கு வந்தாள். நாடகத்தின் முதல் காட்சிக்குச் சந்தை இரைச்சல் வேண்டுமாம். தக்காளிப் பெட்டி ஒன்றின் மேல் பதிவுக் கருவியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே ஏலக்காரர் அன்று கூடுதலாகக் கத்தினார்.

சனிக்கிழமை வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினாள். வண்டிச் சத்தம், கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல். திடீரென்று அத்தனை இரைச்சலுக்கும் நடுவே, கேட்பவரின் தோளுக்குப் பக்கத்தில் யாரோ குனிந்து சொன்னதுபோல ஒன்று: "இதுக்கு மேல ஏறாதுங்க. முடிச்சிடலாமா?"

டீச்சர் பதிவை நிறுத்தினாள். "யாருண்ணே இது?"

ஏலக்காரர் பிடரியைச் சொறிந்தார். "நான்தான். விலையை முடிக்கறதுக்கு முன்னாடி விவசாயி காதுல ஒரு வார்த்தை கேட்டுடுவேன். அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலதான் நின்னாரு. வாங்கறவங்க காதுல அது விழுந்தா விலை அங்கேயே நின்னுடும். அதெல்லாம் நடிப்புல சேராது டீச்சர்."

"அந்த மைக்குதான் விவசாயி காது. போய்க் கேளுங்க."

அவர் மைக்கின் அருகே போனார். பழக்க தோஷத்தில் கை தானாக வாயோரம் மறைப்பாக எழுந்தது. "தண்ணி கொஞ்சம் குடிக்கறியாம்மா?" என்றார். முள் நடுவில் நின்று லேசாக அசைந்தது. அடுத்துப் பேச வேண்டிய டெய்லர் தாளைத் திருப்ப மறந்து நின்றார்.

மகளாக நடித்த நர்சிங் மாணவி, "என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களாப்பா?" என்று கேட்டாள். ஏலக்காரர் கண் கலங்க, மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

டீச்சர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "தலையாட்டினா ரேடியோவுல கேக்காதுண்ணே. அதை மட்டும் இன்னொரு தடவை. அப்பா நீங்கதான், பயப்படாம சொல்லுங்க."

அதற்கென்ன, பத்துத் தடவை சொல்லவும் அவர் தயாராக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம் ஒலிபரப்பானது. மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தகப்பன் பேசத் தொடங்கியதும் குழாயை மூடினாள். ஈரக் கையோடு கூடத்து வாசற்படி வரை வந்து நின்றாள்.

"ஏங்க, கொஞ்சம் சத்தமா வைங்க" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், அவர் குரலைப் பற்றி அவள் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. ஏலக்காரர் எழுந்து போய் வானொலியின் குமிழைத் திருகினார்.