புழுதியை நெல்லாக எண்ணிய கருவி

1987ஆம் ஆண்டு ஆவணியில், செம்பாக்கம் ஏரிக்குக் கீழே கேசவனின் நிலத்தில், விதையே விழாத பாதியில் நெல் முளைத்தது. விதை விழுந்த மறுபாதியைவிட அது செழிப்பாகவும் இருந்தது. அந்த மாதம் தக்காளி விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் தாம்பரம் மார்க்கெட்டில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். நெல் விஷயம் அதற்கு அடுத்தபடியாகவே வந்தது. முளைத்ததற்குக் காரணமானவன் மட்டும் யாரிடமும் பேசாமல் மேற்குத் தாம்பரத்தில் தன் கடைக்குள் அவமானத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அவன் பெயர் ஜெபசீலன். ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்கிறவன். யாராவது ரேடியோ மெக்கானிக் என்று சொன்னால் எலக்ட்ரானிக்ஸ் என்று திருத்துவான்; திருத்தியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பிறகு அவர்கள், ரேடியோ எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். ஒரு நாள் உலகத்துக்கு எதையாவது கண்டுபிடித்துக் கொடுக்கப்போகிறோம் என்ற எண்ணம் அவனுக்கு இருந்தது. அந்த எண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் அவனுக்கே இருந்ததால், அவன் மனைவி ஞானசௌந்தரிக்குப் பெரிய வேலை மிச்சம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான புதிதில் அவன் கண்டுபிடித்த கொசு விரட்டும் பெட்டிக்குத் தெருக்கோடியிலிருந்தெல்லாம் கொசு வந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

கேசவன் அந்த வருடம் டிராக்டருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் விதைப்பு மிஷின் ஒன்றை வாங்கியிருந்தார். மேலே நெல்லைக் கொட்டும் பெட்டி, கீழே வரிசையாக ஒன்பது குழாய்கள். குழாய் வழியாக நெல் சீராக இறங்கி மண்ணில் விழ வேண்டும். ஆனால் வைக்கோல் துணுக்கு ஒன்று சிக்கினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். டிரைவர் முனிரத்தினம் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டே போவான். பயிர் வந்த பிறகுதான் வயலில் சீப்புப் பல் உடைந்தது மாதிரி வெற்று வரிசை தெரியும்.

கேசவன் கடைக்கு வந்து, "ஒரு கொழா அடைச்சிகினா கூட டிரைவருக்குத் தெரிய மாட்டேங்குதுப்பா. நீதான் ஒயரு வேலையெல்லாம் பண்றியே, இதுக்கு எதனா பண்ணேன்" என்றார்.

ஒயரு வேலை என்றதை ஜெபசீலன் மன்னித்துவிட்டான். இதற்காகத்தான் காத்திருந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது. சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கி, ஒவ்வொரு குழாயின் ஒரு பக்கம் சிறு விளக்கும் எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் கண்ணும் வைத்தான். நெல் விழும்போது வெளிச்சம் வெட்டுப்படும். டிரைவருக்கு முன்னால் அந்தக் குழாய்க்கான சிவப்பு விளக்கு மினுங்கும். நெல் நின்றால் விளக்கு அணைந்து பஸ்ஸர் கத்தும். கடையில் படியால் நெல்லை அள்ளிக் கொட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே நடந்தது. அந்த விளக்குகள் வைத்த பெட்டியின் மேல் தன் பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினான். எழுத்து பெரிதாகிப்போனதால் 'ஜெபசீ' என்பதோடு இடம் தீர்ந்துவிட்டது.

மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு அன்று கேசவனின் சொந்தக்காரர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். ஒன்பது விளக்குகளும் கடைசி வரை மினுங்கின. பஸ்ஸர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஜெபசீலன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, போட்டோ எடுப்பவர் யாராவது இருந்தால் வசதியாக இருக்கும்படி நின்றான். முடிந்ததும் கேசவன் நெல் பெட்டியைத் திறந்தார். பாதி வயலிலேயே நெல் தீர்ந்திருந்தது. நடுவில் நிரப்ப முனிரத்தினம் மறந்துவிட்டான்.

"நெல்லு கீது கீதுன்னு கண்ணடிச்சிகினே வந்துச்சே உன் டப்பா! எங்க கீது?" என்று கேசவன் கத்தினார்.

ஜெபசீலனுக்குக் காரணம் உடனே புரிந்தது. காய்ந்த மண்ணிலிருந்து எழுந்த புழுதி குழாய்க்குள் புகுந்து வெளிச்சத்தை வெட்டியிருக்கிறது. கருவி புழுதியை நெல் என்று எண்ணியிருக்கிறது. புழுதி விதைப்புக்கு என்றே செய்த கருவிக்குப் புழுதியைத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது ஞானசௌந்தரி, "எங்க வார்டுல தெர்மாமீட்டர் இப்படிப் பண்ணா குப்பையில போட்டுடுவோம்ங்க" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

அடுத்த வாரம் வெற்றுப் பாதி முழுக்க நெல் முளைத்தது, வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடைவெளியோடு. கேசவன் சைக்கிள் கேரியரில் ஒரு வாழைத்தாரோடு கடைக்கு வந்தார்.

"அண்ணா, அது தப்பா எண்ணிச்சு. அது கோளாறு" என்றான் ஜெபசீலன்.

"தப்போ ரைட்டோ, நெல்லு வந்துச்சாப்பா இல்லியா? கோளாறை ரிப்பேர் பண்ணிடாத, சொல்லிட்டேன்."

பீர்க்கன்கரணையிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நெல் போடாத காலிப் பெட்டியோடு மிஷினை இழுத்துக்கொண்டு போனார்கள். விளக்கு மினுங்கிய இடமெல்லாம் விளைந்தது. அடுத்த வருடம் மிஷின் போகாமலே அதே இடங்களில் தானாக முளைத்தது. விதைநெல் விற்பவர்கள் கொஞ்ச நாள் முறைத்துவிட்டு உரம் விற்கப் போனார்கள். யாரோ கருவிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள்; அது அதன் கண்ணை மறைத்ததால் நெல்லுக்குப் பதில் பூண்டு முளைத்தது என்று சொல்வதுண்டு, அதற்கு ஆதாரம் இல்லை. மதுரையிலிருந்து வந்த வேளாண்மைப் பொறியாளர் ஒருவர் முழங்கால் உயரப் பயிருக்கு நடுவே நின்று கருவியைச் சோதித்து, விதை இல்லாதபோது இருப்பதாகக் காட்டுவதால் தகுதியற்றது என்று முடிவு சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் ஜெபசீலன். ஒரு கருவி செய்தோம், அது செய்ய வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் செய்கிறது என்று அவன் கடைக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரித்தான். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் அதைத் திருத்த உட்கார்ந்தான். துணி உறை போட்டான், ஊதுகுழல் வைத்தான், பிரஷ் வைத்தான். புழுதி எல்லாவற்றையும் கடந்து வந்தது.

தொண்ணூற்றிரண்டில் கேசவன் நிலத்தை விற்றார். நெல் சும்மா விளைந்தாலும் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மனை விலைக்கு முன்னால் நெல் விலை எடுபடவும் இல்லை. ஜெயவேலு என்பவர் அதை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டார். அதில் ஒன்றை வாங்கியவன் ஜெபசீலன்தான். விளக்கு மினுங்கிய பாதி என்று தெரிந்தே வாங்கினான். மேலே காங்கிரீட்டும் மொசைக்கும் போட்டுவிட்டால் எந்தப் பயிர் வரும் என்று மனைவியிடம் விஞ்ஞானபூர்வமாக விளக்கினான். புதுமனை புகுந்த வருடம் ஆவணியில், ஹாலின் மொசைக்கைத் துளைத்துக்கொண்டு ஒரு சாண் இடைவெளியில் ஐந்து வரிசை நெல் வந்தது. ஒரு வரிசை சோபாவுக்கு அடியில் போயிற்று.

"விஞ்ஞானத்துக்குத் தண்ணி ஊத்தணுமா, வேணாமா?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

பக்கத்து வீடுகளிலும் அப்படியே. ஒருவர் வீட்டில் சமையலறையில், ஒருவர் வீட்டில் பீரோவுக்குக் கீழே. மீதி மனைகள் விற்கவில்லை. ஜெயவேலு தினமும் ஸ்கூட்டரில் வந்து, "சார், நீங்க தொடங்கினது, நீங்கதான் முடிக்கணும். நான் நடுத்தெருவுல நிக்கறேன் சார்" என்று புலம்பினார். அவர் மனைவியின் நகையெல்லாம் அடகுக் கடையில் இருந்தது. ஜெபசீலனுக்கு உறுத்தியது.

தொண்ணூற்றைந்தில், பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை ரிப்பேர் செய்துகொண்டிருந்தபோது, அதன் ஊசியை விரல் தெரியாமல் தட்டிவிட்டது. ஸ்பீக்கர் டொக்கென்றது. ஊசியின் மேல் படிந்திருந்த தூசியை ஊதினான். ஒரு சத்தமும் இல்லை. அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான். நெல்லுக்குக் கனம் உண்டு, தட்டும். புழுதிக்குக் கனம் கிடையாது. அந்த ஊசி பொருத்தியிருந்த, தட்டினால் மின்சாரம் தரும் படிகத்தைக் கழற்றி, குழாய்க்குள் சிறு தகட்டின் அடியில் ஒட்டினான். கண்ணை எடுத்துவிட்டுக் காது வைத்தான். நெல்லைப் போட்டால் விளக்கு மினுங்கியது. புழுதியைக் கொட்டினால் பஸ்ஸர் கத்தியது. இவ்வளவு எளிதானதை எட்டு வருடம் தேடிய தன் மூளையை நினைத்து அவனே சிரித்தான்.

நெல் இருக்கிறது என்று கருவி சொன்னதால் வந்தது, இல்லை என்று சொன்னால் போகும் என்று கணக்குப் போட்டு, அதை ஒரு தள்ளுவண்டியில் வைத்து ஜெயவேலுவின் மனைகளில் தள்ளிக்கொண்டு போனான். வீடு வீடாக ஹாலுக்குள்ளும் போனான். விதை இல்லை, விதை இல்லை என்று பஸ்ஸர் கத்திக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கருவி உண்மையைச் சொன்னது. குடியிருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, சீக்கிரம் முடிங்க சார் என்றார்கள். கருவி கடந்த இடத்தில் பயிர் அன்று சாயங்காலத்துக்குள் மஞ்சளாகிவிட்டது; மறுநாள் தரையில் பயிர் இருந்த ஓட்டைகூட இல்லை. ஜெபசீலன் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். ஜெயித்துவிட்டோம் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் வண்டியை மெதுவாகத்தான் தள்ளினான்.

கடைசியாக மிச்சமிருந்தது அவன் வீடு. ஜெயவேலு வாசல் வரைக்கும் வந்து, "உங்க ஹாலும் முடிஞ்சிட்டா நகர் முழுக்க கிளியர் சார்" என்றார். ஜெபசீலன் வண்டியை வாசற்படியில் ஏற்றினான். ஞானசௌந்தரி டியூட்டி முடிந்து வந்த சேலையோடு, சோபா வரிசைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணியை நகத்தால் கிள்ளி அவனிடம் காட்டினாள். வெள்ளையாகக் கசிந்தது.

"பால் பிடிக்கிற சமயம்ங்க" என்றாள். "இப்பப் போய்க் கத்த விடாதீங்க. அறுப்பு முடியட்டும்."

அவன் படிக்கட்டிலேயே நின்றான். பஸ்ஸரின் ஒயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஜெயவேலு சார், அறுப்பு முடியட்டும்" என்றான்.

கிறிஸ்துமஸ் வந்தது. தை பிறந்ததும் அறுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல் போதுமானதாக இருந்தது. பிறகு ஞானசௌந்தரிக்கு நைட் டியூட்டி மாறியது, பிறகு மழை, பிறகு மறுபடியும் ஆவணி. மீதி மனைகள் விற்றுப்போனதால் ஜெயவேலு வருவதை நிறுத்திவிட்டார். சர்ச்சிலிருந்து ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசைகளுக்கு இடையே பக்கவாட்டில் நடந்து போய் உட்காரப் பழகிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் சிட்டுக்குருவி வரும், சாத்தினால் பயிர் வெளிறும் என்பதால் பாதி திறந்து வைத்தார்கள். வருடத்துக்கு இரண்டு மரக்கால் கண்டது. கைக்குத்தல் அரிசி, கொஞ்சம் சிவப்பு. வேக நேரமாகும், ஆனால் கஞ்சிக்கு நன்றாக இருந்தது.