லெம்னோஸ் தீவின் இன்னொரு கொல்லன்

1

இந்தக் கதை காபிக் கடையில் எழுந்த ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். பின்னால் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

ஃபோதிஸ் எங்கள் கிரேக்கத் தீவான லெம்னோஸில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இளவயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு கால் குட்டையாகிவிட்டது. கொல்லர்களின் கடவுளான ஹெபைஸ்டோஸை வானத்திலிருந்து தூக்கியெறிந்தபோது அவன் வந்து விழுந்ததும் இதே தீவில்தான். அவனுக்கும் நொண்டிக் கால். அதனால் ஊரில் பாதிப்பேர் ஃபோதிஸை அந்தக் கடவுளின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கும் அதில் பெருமைதான். பட்டறைப் பலகையில்கூட அதையே எழுதிவைத்திருக்கிறான்.

வம்பு என்னவென்றால், அவன் மனைவியின் பெயர் அஃப்ரோதிதி. (நான் வைத்ததல்ல. ஞானஸ்நானத்தில் வைத்தது. நான் வைத்திருந்தால் இவ்வளவு அப்பட்டமாக வைத்திருக்க மாட்டேன்.)

2

பழைய கதை தெரியாதவர்களுக்காக: அழகின் தெய்வம் அஃப்ரோதிதி, கொல்லனுக்கு வாழ்க்கைப்பட்டு, போர்க் கடவுளோடு ரகசியமாகக் கூடிக்கொண்டாள். கொல்லன் கண்ணுக்குத் தெரியாத வலை ஒன்றைச் செய்து கட்டிலில் கட்டிவைத்தான். இருவரையும் கையும் களவுமாகப் பிடித்து, மற்றத் தெய்வங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். தெய்வங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதனால் கொல்லனுக்கு என்ன கிடைத்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

3

மே மாதம் ஃபோதிஸ் வீட்டுப் பின்னறைக்கு ஒரு ராணுவ சார்ஜென்ட் குடிவந்தான். அவன் பெயர் ஆரிஸ், அதாவது அந்தப் போர்க் கடவுளின்

[அடித்துவிடுகிறேன். உண்மையாகவே இருந்தாலும் நம்பமாட்டீர்கள்.]

அவன் பெயர் தாசோஸ். உயரமானவன், பேச்சுக்காரன், முட்டைகூட அவிக்கத் தெரியாதவன். அஃப்ரோதிதி அவனுக்கும் சேர்த்துச் சமைத்தாள்.

"என்ன மேஸ்திரி, வலை பின்ன ஆரம்பிச்சாச்சா?" என்று ஃபோதிஸைக் கேட்டார் காபிக் கடைக்காரர் கோஸ்மாஸ்.

"எதுக்கு? நான் மீனே புடிக்கிறதில்லையே."

"மீனு தானா வீட்டுக்குள்ள வந்துருச்சே, அப்புறம் என்ன!"

கடையே சிரித்தது. ஃபோதிஸும் சிரித்தான். ஆனால் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். இத்தனை வருடத்தில் அவன் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ஃபோதிஸ் மேல் சந்தேகம் வந்தது. கதாநாயகனாக அவன் தேறுவானா? இருபத்திரண்டு வருடக் கல்யாணம். மத்தியானம் பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், உப்பு பற்றிச் சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். எழுத்தாளனுக்கு எந்த உபயோகமும் இல்லாத சந்தோஷம்.

அது போய்விடுமோ என்றுதான் அவன் பயந்தான். ஊர் சிரிப்பதுகூட அவனுக்குப் பெரிதில்லை. மேசைக்கு எதிரே அவள் இல்லாமல் ஒரு மத்தியானம் வந்துவிடுமோ என்பதுதான் பயம்.

5

ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கோஸ்மாஸ் பட்டறைக்கே ஓடிவந்தார்.

"சார்ஜென்ட்டு ஜீப்பு உன் வீட்டுக்குக் கீழதான்யா நிக்குது, இந்நேரத்துல! போய்ப் பாரு. செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்க. சத்தம் கேக்கக் கூடாது."

ஃபோதிஸ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினான். வீட்டைப் பார்த்து நடந்தான். பத்தடி பின்னால் கோஸ்மாஸ், அவருக்குப் பின்னால் மூன்று பேர், கடைசியில் நோட்டுப் புத்தகத்தோடு நான். தெய்வங்களின் கூட்டம் சேர்ந்தாயிற்று.

நான் யோசித்துவைத்த முடிவுகள்:

அ) ஓசையில்லாமல் கதவைத் திறக்கிறான். உள்ளே இருவரும்— (மூவாயிரம் வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். போதும்.)

ஆ) சார்ஜென்ட் அடுக்களையில் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். நாங்கள் அசடு வழிகிறோம். (எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதுவும் வலைதான். அவள் குற்றமற்றவள் என்று நம் கண்ணால் பார்த்தால்தான் அவர்களை விடுவோமா?)

6

வீடு மேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து இருபது கல்படிகள். ஃபோதிஸ் முதல் படியில் நின்றான். செருப்பைக் கழற்றவில்லை. தலையை உயர்த்தி, துறைமுகம் வரை கேட்கும்படி கத்தினான்.

"அஃப்ரோதிதீ! நான் வந்துட்டேன்! மேல ஏறி வர்றேன்! நொண்டிக் காலு, மெதுவாத்தான் வருவேன்!"

"கெடுத்துட்டானே பாவி!" என்று கோஸ்மாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "ஏன்யா இப்படிக் கத்துற, தெருவே பாக்குது! கையக் கழுவிட்டு வா, பருப்பு ஆறுது!"

அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதி. படிக்குப் படி கைப்பிடிக் கம்பியைத் தட்டி ஓசையெழுப்பிக்கொண்டே, அவசரப்படாமல் ஏறிப்போனான். கதவு திறந்து மூடிக்கொண்டது.

"எழுத்தாளரே, நீங்க போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மேசையில எத்தன தட்டு இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்க," என்றார் கோஸ்மாஸ்.

எழுதுகிறவன் என்ற முறையில் அந்தக் கதவு எனக்குத் திறக்கத்தான் செய்யும். நான் போகவில்லை. உங்களுக்குப் பார்த்தே தீர வேண்டும் என்றால் இருபது படிதான், ஏறிப் போங்கள். ஆனால் கீழேயே நின்று முதலில் ஒரு குரல் கொடுங்கள்.